மேஸ்திரி, பீரோ, ஏர்: அன்றாடச் சொற்களில் லத்தீன், பிரெஞ்சு வேர் தேடும் வழி

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஒரு வீடு எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி சிமெண்டுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். லிண்டல் மட்டம் வந்தாயிற்று, ஜன்னலுக்குக் கிராதி இன்னும் வரவில்லை, கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. இவ்வளவு சின்னப் பேச்சில் லத்தீனில் வேர் உள்ள சொற்கள் மட்டும் ஆறு. லத்தீன் நம் சந்தைக்கு நேராக வந்து சரக்கு இறக்கிய மொழி அல்ல. அதன் பிள்ளைகளான போர்த்துகீசியமும் பிரெஞ்சும் சுமந்து வந்தவை இவை, பிரெஞ்சுச் சரக்கில் பெரும்பகுதி ஆங்கிலத்தின் தலையில் ஏறி வந்தது. ஆகவே சொல்வேர் தேடப் புதிதாக இறங்குபவர் முதலில் கேட்க வேண்டியது வேர் என்ன என்பதை அல்ல, யார் கொண்டுவந்தார்கள் என்பதை. வந்த வழி தெரிந்துவிட்டால் வேர் தானாக வந்து நிற்கும். வழி தெரியாமல் வேரைத் தேடினால் ஒலி ஒத்துப்போகும் எதையும் நம்பிவிடுவோம்.

நோட்டில் ஏழு கட்டம்

ஒரு நீள நோட்டு போதும். பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி ஏழு கட்டம் போடுங்கள். காதில் விழுந்த வடிவம், மூலமொழி எழுத்துக்கூட்டல், நமக்குக் கொடுத்த மொழி, அதற்கு முந்தைய மொழி, கடைசி வேர், வேரின் பொருள், இன்று நம் ஊரில் உள்ள பொருள். கடைசி இரண்டு கட்டத்தையும் தனித்தனியாக வையுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பொருள் எங்கே மாறியது என்பது மறைந்துவிடும்.

ஒரு நாளில் ஓர் இடம், இருபது சொல். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கட்டுமான இடம், பஸ் ஸ்டாண்டு, தாலுகா ஆபீஸ், தக்காளி மண்டி என்று இடத்தை மாற்றிக்கொண்டே போங்கள். இடம் முக்கியம், ஏனென்றால் சொல் வந்த வழி பெரும்பாலும் அது புழங்கும் இடத்தில் தெரியும். வீட்டுச் சாமானும் தச்சு வேலையும் போர்த்துகீசியப் பக்கம் கை காட்டும். கோர்ட், போலீஸ், சர்வே போன்றவை பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தவை. இயந்திரத்தின் பெயரும் பதவிப் பெயரும் ஆங்கிலேயர் லத்தீனிலிருந்து நேராக எடுத்தவையாக இருக்கும். தாலுகா, தாசில், கிஸ்தி, வக்கீல் போன்றவை அரபு, பாரசீக வழி. அவற்றை லத்தீன் பட்டியலில் சேர்க்கப் பார்க்காதீர்கள்.

எழுத்து மறைக்கும் ஒலி

தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான், அதற்குள் இரண்டு ஒலி. இதில் புதியவர் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையைப் பற்றிப் பேசும்போது 'பல்ப்' என்பார்கள். வீட்டில் எரிவதும் 'பல்ப்'. எழுதினால் இரண்டும் ஒன்று. ஆலைச் சொல்லின் வேர் லத்தீன் 'புல்பா', சதைப்பற்று. விளக்குச் சொல்லின் வேர் லத்தீன் 'புல்புஸ்', அதற்கும் முன்னால் கிரேக்கம், பொருள் வெங்காயம். முதலாவது தொடங்குவது வல்லொலியில் (ஆங்கில p), அடுத்தது மெல்லொலியில் (b). நோட்டின் இரண்டாம் கட்டத்தை நிரப்பாமல் மூன்றாவதுக்குப் போகக் கூடாது என்பது இதற்காகத்தான். சந்தேகமிருந்தால் சொல்லை அட்டைப்பெட்டியிலோ பில்லிலோ ஆங்கில எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பில்லையும் முழுக்க நம்ப முடியாது, அதைப் பிறகு பார்ப்போம்.

அகராதியைத் திறக்கும் வரிசை

முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் பிற்சேர்க்கை. இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பிறமொழிச் சொல்லாக இருந்தால் எந்த மொழி என்பதைச் சுருக்கக் குறியோடு போட்டிருப்பார்கள். தேடும்போது கிரந்த எழுத்தில் கிடைக்காவிட்டால் விட்டுவிடாதீர்கள். ஜன்னலைச் சன்னல் என்றும், மேஜையை மேசை என்றும் மாற்றித் தேடுங்கள். 'கிடைக்கவில்லை' என்று வருவதற்குப் பல நேரம் இந்த எழுத்துச் சிக்கல்தான் காரணம்.

லெக்சிகன் போர்த்துகீசியம் என்றால் போர்த்துகீசிய அகராதிக்கும், ஆங்கிலம் என்றால் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதிக்கும் போங்கள். லத்தீன் அகராதி கடைசியில்தான். முதலிலேயே அதைத் திறந்தால் எல்லாமே லத்தீனாகத் தோன்றும்.

போர்த்துகீசியச் சரக்கு

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் கரை இறங்கியதும், 1510-இல் கோவா போர்த்துகீசியர் வசமானதும் பள்ளிப் பாடம். அந்தக் கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஏறி வந்த சொற்கள் தேய்ந்து, தமிழ்ச் சொல் போலவே ஆகிவிட்டன. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கிராதி, மேஸ்திரி, ஏலம், பொத்தான் எல்லாம் இந்த வகை.

ஒலி மாற்றத்தில் இரண்டு விதிகளைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. லத்தீனில் சொல் முதலில் 'கிள' என்று வந்தது போர்த்துகீசியத்தில் பல இடங்களில் 'ச' ஆகும். கிளாவிஸ் என்பது சாவெ ஆகி, நம்மிடம் சாவி. அதே லத்தீன் சொல் பிரெஞ்சில் 'கிளே' என்று பழைய தொடக்கத்தோடே நிற்கிறது. இரண்டாவது, லத்தீனின் சொல்முதல் 'ய' ஒலி 'ஜ' ஆகும். 'யானுவா' என்றால் வாசல், கதவு. அதன் சிறுமை வடிவம் 'யானுவெல்லா', சின்னக் கதவு. அது போர்த்துகீசியத்தில் ஜனெலா, தமிழில் ஜன்னல். வாசல்களுக்கு உரிய ரோமத் தெய்வம் யானுஸ், அவர் பெயரில் வந்த மாதம் ஜனவரி. ஆகவே நம் ஜன்னலும் தை மாதம் கிழிக்கும் காலண்டரும் உறவு.

அலமாரியின் வேர் 'ஆர்மா', ஆயுதம். ஆயுதம் பூட்டி வைத்த பெட்டி இன்று புடவை மடித்து வைக்கிறது. கிராதியின் வேர் 'கிராத்திஸ்', குச்சிகளைப் பின்னிய தட்டி. பொருள் அதிகம் மாறவில்லை, மூங்கில் இரும்பாயிற்று, அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலில் மேஸ்திரிக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கலாம். லத்தீன் 'மாகிஸ்தெர்', வேர் 'மாகிஸ்', பொருள் 'அதிகம்'. அதாவது கூட நிற்பவர்களைவிடப் பெரியவர். போர்த்துகீசியத்தில் மெஸ்த்ரெ, தமிழில் மேஸ்திரி. அதே வேர் ஆங்கிலத்தில் மாஸ்டர் ஆகி, டீ மாஸ்டராகவும் டெய்லர் மாஸ்டராகவும் நம் கடைத்தெருவில் நிற்கிறது. மிஸ்டர் அதன் தேய்ந்த வடிவம். மாஜிஸ்திரேட் அதே வீட்டுப் பிள்ளை. எதிர்த்திசையில் 'மினுஸ்', குறைவு என்ற வேரிலிருந்து 'மினிஸ்தெர்' வந்தது, பொருள் பணியாள். அதுதான் இன்றைய மினிஸ்டர். வேர்க்கணக்கில் மேஸ்திரி பெரியவர், மினிஸ்டர் சின்னவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. போர்த்துகீசிய வழி என்றால் லத்தீன் வேர் என்று எழுதிவிடாதீர்கள். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி போகும் 'ஏலம்' போர்த்துகீசிய லெயிலாவ் என்பதிலிருந்து வந்தது, ஆனால் அதற்கும் பின்னால் இருப்பது 'அறிவித்தல்' என்ற பொருளுள்ள அரபுச் சொல். பொத்தானின் வேர் ஜெர்மானியக் குடும்பம், அதாவது ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த மொழிக் குடும்பம். வழி வேறு, வேர் வேறு. மூன்றாம் கட்டமும் ஐந்தாம் கட்டமும் தனித்தனியாக இருப்பது இதற்குத்தான்.

பிரெஞ்சு வழியின் அடையாளம்

1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து சில நூற்றாண்டுகள் அங்கே கோர்ட்டும் அரண்மனையும் பிரெஞ்சில் நடந்தன. நாம் கோர்ட், ஜட்ஜ், அப்பீல், பெயில், வாரண்ட் என்று சொல்வதெல்லாம் அந்தக் காலத்து வரவு. 'கோர்ட்' லத்தீன் 'கோஹோர்ஸ்' என்பதிலிருந்து வந்தது, அடைப்புக்குள் இருக்கும் முற்றம் என்று பொருள்.

காலத்தைக் கண்டுபிடிக்க 'ஸ்' ஒலி உதவும். பழைய பிரெஞ்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் இருந்த 'ஸ்' பிற்காலத்தில் பல சொற்களில் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் பிரெஞ்சுக்காரர் உயிரெழுத்துக்கு மேல் ஒரு கூரை போடுவார்கள். 'ஸ்' உள்ள வடிவம் ஆங்கிலத்தில் இருந்தால் உதிர்வதற்கு முன்பே வாங்கியது, இல்லாவிட்டால் பிறகு வாங்கியது. தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் ஒரு சுற்று வந்தால் எடுத்துக்காட்டு கிடைக்கும். ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், ஹோட்டல். மூன்றுக்கும் வேர் 'ஹோஸ்பெஸ்', விருந்தினர் என்றும் விருந்தோம்புபவர் என்றும் இரு பொருள். முதல் இரண்டும் 'ஸ்' வைத்திருக்கும் பழைய சொற்கள். ஹோட்டல் பின்னால் வந்தது, 'ஸ்' போய்விட்டது. அரூரில் 'ஃபாரஸ்ட் ஆபீஸ்' என்கிறோம், பிரெஞ்சில் இன்று அது 'ஃபொரே'. அதே கதை.

செல்போன் கடையில் கேட்கும் வாரண்டியும் கேரண்டியும் இன்னொரு நல்ல பாடம். நார்மன் பேச்சில் 'வ' என்று தொடங்கிய சொற்கள் பாரிஸ் பக்கப் பேச்சில் 'க' என்று தொடங்கின. ஒரே சொல், இரண்டு வட்டார வழக்கு. கடைக்காரர் 'கேரண்டி இல்லை, வாரண்டி மட்டும்தான்' என்னும்போது வேறுபாடு வியாபாரத்தில் உண்டு, வேரில் இல்லை. அந்த வேரும் லத்தீன் அல்ல, ஜெர்மானியம்.

'க்டர்' விதி

சொல் 'க்டர்' என்று முடிந்தால் லத்தீன் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். டாக்டர் கற்பிப்பவர், கண்டக்டர் கூட்டிச் செல்பவர், இன்ஸ்பெக்டர் உள்ளே பார்ப்பவர், டிராக்டர் இழுப்பது, கான்ட்ராக்டர் ஒன்றாக இழுத்துச் சேர்ப்பவர். கலெக்டர் சேர்த்து எடுப்பவர். 1792-இல் பாரமகால் எனப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் இங்கே முதல் கலெக்டராக அமர்ந்த அலெக்சாண்டர் ரீட் செய்த வேலையே வரி சேர்ப்பதுதான். அவருக்குக் கீழே தருமபுரியில் இருந்தவர் தாமஸ் மன்றோ. தாசில்தாரில் உள்ள 'தாசில்' என்ற அரபுச் சொல்லுக்கும் 'சேர்த்து வசூலித்தல்' என்றே பொருள். கலெக்டரும் தாசில்தாரும் வேர்ப்பொருளில் ஒரே பதவி, மொழிதான் வேறு.

'க்' இல்லாமல் வெறும் 'டர்' என்றால் ஏமாறலாம். ஷட்டர், ஸ்கூட்டர் இரண்டும் ஜெர்மானியம். மீட்டர் கிரேக்கம், பிரெஞ்சு வழி. ஆடிட்டர் லத்தீன்தான், பொருள் 'கேட்பவர்', ஏனென்றால் அந்நாளில் கணக்கை உரக்கப் படித்துக்காட்ட, அவர் காதால் கேட்டுச் சரிபார்த்தார்.

பஸ்ஸில் ஏறினால் விதி எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியும். கண்டக்டர் லத்தீன், டிரைவர் ஜெர்மானியம், டிக்கெட் பிரெஞ்சு வழி வந்த ஜெர்மானியம். பஸ் என்பது 1820களில் பிரான்சில் ஓடிய பொதுவண்டியின் பெயரான 'ஒம்னிபுஸ்' என்பதன் வால். லத்தீனில் அதற்கு 'எல்லோருக்கும்' என்று பொருள், 'இபுஸ்' வேற்றுமை உருபு. நாம் 'எல்லோருக்கும்' என்பதை வெட்டி 'க்கும் வந்துவிட்டதா' என்று கேட்பது போல.

பட்டாவை எடுத்து வைத்துப் படியுங்கள்

பயிற்சிக்குப் பட்டா, சிட்டாவைவிட நல்ல தாள் கிடையாது. பரப்பு என்ற இடத்தில் ஹெக்டேர், ஏர் என்று இரண்டு எண் இருக்கும். இந்த ஏர் உழும் ஏர் அல்ல. லத்தீன் 'ஆரேயா' என்பதிலிருந்து பிரெஞ்சுக்காரர் எடுத்த அளவுப் பெயர். ஆரேயாவுக்கு வெட்டவெளி என்றும், நெல் அடிக்கும் களம் என்றும் பொருள். பட்டாவில் உட்கார்ந்திருப்பது கலப்பையல்ல, களத்துமேடு. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1795 ஏப்ரல் 7-இல் போட்ட சட்டத்தில் மீட்டர், லிட்டர், கிராம் ஆகியவற்றோடு ஏருக்கும் பெயர் வைத்தது. ஹெக்டேர் என்பதில் முன்பாதி 'நூறு' என்ற கிரேக்கச் சொல், பின்பாதி இந்த ஏர். இந்தியாவில் 1956-இல் சட்டம் வந்து, 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் அளவு படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

கணக்கு இப்படி. ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். நூறு ஏர் ஒரு ஹெக்டேர், 2.47 ஏக்கர். பட்டாவில் 0 - 40.50 என்றிருந்தால் 40.5 ஏர், அதை 2.471-ஆல் பெருக்கினால் 100 சென்ட், அதாவது ஒரு ஏக்கர். 40.50 என்பதைச் சென்ட் என்று படித்து, நிலம் குறைந்துவிட்டது என்று பதறுவது நடக்கிற தவறு. சென்ட் லத்தீன் 'கென்டும்', நூறு. ஏக்கர் மட்டும் பழைய ஆங்கிலச் சொல். லத்தீனில் வயலைக் குறிக்கும் 'ஆகெர்' அதற்குப் பங்காளி, பெற்றவர் அல்ல.

சர்வே பிரெஞ்சு வழி, 'மேலிருந்து பார்த்தல்'. ரெவின்யூ 'திரும்பி வந்தது' என்று பொருள்படும் பிரெஞ்சு வினைவடிவம், நம் 'வருவாய்' என்ற சொல்லும் 'வா' என்ற வினையிலிருந்தே பிறந்தது. இரு மொழியும் தனித்தனியே ஒரே விதமாக யோசித்திருக்கின்றன, கடன் அல்ல. கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைப் பெயரில் நடு எழுத்து 'ரிசர்வாயர்', நீர்த்தேக்கம். பிரெஞ்சு உருவம் அப்படியே இருக்கிறது, வேர் 'சேமித்து வைத்தல்'.

ஏமாற்றும் சொற்கள்

ரசீதைப் பார்த்ததும் ஆங்கில ரிசீப்ட் நினைவுக்கு வரும். தொடர்பில்லை. ரசீது பாரசீகம், 'வந்து சேர்ந்தது' என்று பொருள். ரிசீப்ட் லத்தீன், 'பெற்றுக்கொண்டது'. ஒலியும் ஒன்று, தாளும் ஒன்று, வேர் மட்டும் வேறு. இதைவிட மோசமான பொறி கிடையாது.

தந்தமும் டென்டிஸ்டும் அடுத்த வகை. தந்தம் சமஸ்கிருதம், டென்டிஸ்டின் வேர் லத்தீன் 'தென்ஸ்'. இரண்டு மொழியும் ஒரே மூதாதை மொழியின் கிளைகள் என்பதால் பல் ஒத்துப்போகிறது. ஒன்று மற்றொன்றுக்குக் கொடுக்கவில்லை.

ஆயா நம் பக்கத்தில் இரட்டைச் சிக்கல். பாட்டியை ஆயா என்பது தமிழ், 'ஆய்' என்ற தாய்ப்பெயரிலிருந்து. பள்ளிக்கூட ஆயா போர்த்துகீசிய 'ஆயா', குழந்தை பார்ப்பவர். அந்தப் போர்த்துகீசியச் சொல்லின் லத்தீன் வேரான 'ஆவியா'வுக்குப் பாட்டி என்று பொருள் இருப்பதைக் கண்டு துள்ளாதீர்கள். தற்செயல்தான். நோட்டில் இரண்டு வரியாக எழுதுங்கள்.

குவாரி பில்லில் 'ஜெல்லி' என்று ஆங்கிலத்தில் அடித்திருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு லத்தீனில் 'உறைதல்' வரை போனவர்கள் உண்டு. தின்கிற ஜெல்லிக்குத்தான் அந்த வேர். கல் ஜல்லி தமிழிலும் தெலுங்கிலும் உள்ள சல்லி, துண்டு துண்டானது. சுவாரஸ்யம் வேறிடத்தில் இருக்கிறது. சிமெண்டின் லத்தீன் மூலம் 'கைமென்டும்', பொருள் உடைத்த கல் சில்லு. வேரைப் பார்த்தால் சிமெண்ட்தான் ஜல்லி.

எதிர்த்திசையில் போன சொற்களையும் பிரித்து வையுங்கள். மாங்காய் மேற்குக் கரையில் மாங்கா ஆகி, போர்த்துகீசியர் வழி மேங்கோ ஆனது. 'மேங்கோ பல்ப்' என்று டப்பாவில் பார்த்தால் முதல் சொல் நம்முடையது, இரண்டாவது லத்தீன்.

ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு

தமிழில் வழி புலப்படாதபோது கன்னடம், தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டில் கேளுங்கள். மற்ற மாவட்டத்துக்காரருக்கு இல்லாத வசதி இது. பீரோவைக் கன்னடத்தில் பீரு, தெலுங்கில் பீருவா என்பார்கள். பிரெஞ்சு 'பியூரோ' ஆங்கில வழி வந்தது. வேர் லத்தீன் 'புர்ரா', முரட்டுக் கம்பளித் துணி. அந்தத் துணியை மேசைமேல் விரித்தார்கள், துணியின் பெயர் மேசைக்கு, மேசையின் பெயர் இழுப்பறைப் பெட்டிக்கு, நம்மிடம் வந்தபோது இரும்பு அலமாரிக்கு. மேஜைக்கு இதே சோதனையைச் செய்தால் சிக்கல் வெளிப்படும். மேசை போர்த்துகீசிய மேசா, லத்தீன் 'மென்சா'. கன்னட மேஜு பாரசீக 'மேஸ்' பக்கம் நிற்கிறது. தமிழின் மேஜையில் இரண்டு ஒலியும் கலந்திருக்கலாம் என்பதால் அந்த வரியில் இரண்டு வழியையும் எழுதி, கேள்விக்குறி போடுங்கள்.

கேள்விக்குறி போடத் தயங்காதீர்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் வரிசையாக நிற்கும் லாரிக்கு ஆங்கில அகராதிகளே வேர் உறுதியில்லை என்கின்றன. லத்தீனில் ஏதோ ஒத்த ஒலி கிடைக்கத்தான் செய்யும். அதை எழுதாமல், ஐந்தாம் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, வரிசையில் அடுத்து நிற்கும் வேனுக்குப் போங்கள். அது கேரவன் என்பதன் வால், பிரெஞ்சு வழி வந்த பாரசீகம்.